பானியோங்கின் தாடை

என் அக்கா ரெமிக்கு அந்த வருடம் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. பானியோங்கின் முகம் வீட்டை விட்டுப் போக வேண்டும். பானியோங் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. முகம்தான் போகவில்லை.

பானியோங் என் அத்தான். மரம் செதுக்குகிறவர். ஏரியின் அக்கரையில் வாத்துப் பண்ணை வைத்திருக்கும் நிக்கொலாசா என்ற பெண்ணோடு போய்விட்டார். போகும்போது சட்டைகளை எடுத்துக்கொண்டார், உளிகளை எடுத்துக்கொண்டார், சோறு பொங்கும் மின்சாரப் பானையையும் எடுத்துக்கொண்டார். அச்சுகளை மட்டும் விட்டுவிட்டார்.

எங்கள் ஊரில் பாதி வீடுகளில் கிறிஸ்துமஸ் மரத்துக்கான காகிதப் பொம்மை வேலைதான். மர அச்சில் மெழுகு தடவி, கஞ்சிப் பசையில் நனைத்த செய்தித்தாளைக் கிழித்துக் கிழித்து ஒட்டுவோம். காய்ந்ததும் பின்பக்கம் பிளேடால் கீறி அச்சை வெளியே எடுத்துவிட்டு, கீறலைக் காகிதத்தால் மூடுவோம். வெள்ளை பூசி வர்ணம் தீட்டினால் தேவதூதர், இடையர், ராஜா, சாண்டா. அச்சு செதுக்குவது ஆண்கள். ஒட்டுவதும் தீட்டுவதும் பெண்கள். ஏன் அப்படி என்று யாரும் கேட்டதில்லை.

பானியோங் எல்லா அச்சிலும் தன் முகத்தையே செதுக்கியிருந்தார். நீளமான தாடை, அதன் நடுவில் ஒரு குழி, இடது நாசி வலதைவிடச் சற்று மேலே. அவர் வீட்டில் இருந்தவரை இது யார் கண்ணிலும் படவில்லை. எதிரில் உட்கார்ந்து சோறு சாப்பிடுகிற ஒருவரை யாரும் வேறு இடத்தில் தேடுவதில்லை. அவர் போன பிறகு வந்த முதல் மழை நாளில், வாசலில் காய்ந்த தலைகளையெல்லாம் எடுத்து வந்து நடு அறையில் கொடி கட்டித் தொங்கவிட்டேன். சோற்றுத் தட்டோடு சமையலறையிலிருந்து வந்த அக்கா அப்படியே நின்றுவிட்டாள். எல்லாத் தலைகளும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

எல்லாவற்றையும் சுவர்ப் பக்கம் திருப்பினாள். காற்று அடித்து அவை மறுபடி இந்தப் பக்கம் திரும்பின.

அதன்பிறகு தூரிகையால் சமாளித்தாள். ராஜாக்களுக்கு நீண்ட தாடி வைத்தாள். மாதாவின் முக்காட்டைத் தாடை வரை இழுத்துவிட்டாள். ஓர் இடையருக்கு மூக்குக்கண்ணாடி போட்டாள். வாங்குகிறவர்களுக்குப் பிடித்திருந்தது. ஆனால் வர்ணம் தீட்டும் முன்பு, வெள்ளை மட்டும் பூசிய நிலையில், அவரோடு சில நாட்கள் இருந்தே ஆக வேண்டும். கண் தீட்டாத பானியோங்குகள் வீடு முழுக்கத் தொங்குவார்கள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டே வெள்ளை பூசப் பழகிவிட்டாள்.

புது அச்சு வாங்கிக்கொள்ளலாமே என்று நான் கேட்டேன். நான் ஏரித் தண்ணீர்ப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். ஒன்று கெட்டுப்போனால் வேறொன்று வாங்குவது எங்கள் வழக்கம். அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். எங்கள் ஊரில் அரிசி கொடுப்பார்கள், பெண் கொடுப்பார்கள், கேட்டால் வோட்டுகூடக் கொடுப்பார்கள். அச்சு கொடுக்க மாட்டார்கள். செதுக்குகிறவர்களிடம் கேட்டுப் பார்த்தாயிற்று. இன்னொரு சிற்பி வாழ்ந்த வீட்டுக்கு அச்சு செய்து தருவது மரியாதையில்லை என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். பானியோங் திரும்பி வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது?

அப்போதுதான் எங்கள் வட்டாரத் தலைவர் உல்பியானோ வந்தார். எல்லோருக்கும் அவர் கேப்டன். கூடவே அவருடைய நாய் வந்தது. அதன் பெயர் செனட்டர்.

கோயில் முன்னாலிருக்கும் பிளாசா மைதானத்தில், வட்டாரச் செலவில் மூங்கிலால் கட்டி நிறுத்தும் பெரிய கிறிஸ்துமஸ் மரத்துக்கு இருநூறு தேவதூதர்கள் வேண்டும் என்றார். தேங்காய் அளவில் தலை, பக்கத்துக்கு ஒரு இறக்கை. இதுவரை சாதாரணம். பிறகு குரலைத் தாழ்த்தினார். தேவதூதர்களுக்குத் தன் முகம் இருக்க வேண்டும்.

தேர்தல் வரப்போகிறது. கிறிஸ்துமஸ் அலங்காரங்களில் பதவியில் இருப்பவர்களின் பெயரோ போட்டோவோ இருக்கக் கூடாது என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. கேப்டன் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். மடித்த இடங்களில் கிழிந்திருந்தது.

"பேரு கூடாதுன்னு போட்டிருக்கு. போட்டோ கூடாதுன்னு போட்டிருக்கு. தேவதூதர் கூடாதுன்னு எங்கயும் இல்ல," என்றார். "பாக்கற சனத்துக்கு நான்னு தெரியணும் ரெமி. பாக்கற ஆபீசருக்குத் தெரியக் கூடாது."

அக்கா கூலி பேசவில்லை. உங்கள் வீட்டு அலமாரி மேல் ஒரு தேவதூதர் அச்சு கிடக்கிறதே, அதைத் தருவீர்களா என்று கேட்டாள். கேப்டனுடைய அப்பா செய்தது.

"அது யாரு முகம்?" என்று அவளே கேட்டாள்.

"யாரோடதும் இல்ல. எங்கப்பாவுக்கு முகம் வராது. அதனாலதான் நாற்காலி செய்யப் போனாரு."

"அதுதான் எனக்கு வேணும்," என்றாள் அக்கா.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது நாளும் நடக்கும் அதிகாலைப் பூசையில், முதல் நாள் வரும் சனம் மரத்தைப் பார்த்துக் கேப்டனை அடையாளம் கண்டுகொண்டால் அச்சு அவளுக்கு. இல்லாவிட்டால் இல்லை. இதுதான் ஒப்பந்தம். காகிதச் செலவைக் குறைக்கக் கேப்டன் போன தேர்தலில் மிஞ்சிய தன் சுவரொட்டிகளைக் கட்டுக் கட்டாக அனுப்பினார். நாங்கள் அவற்றைக் கிழித்துக் கஞ்சியில் நனைத்தோம். அவர் காதும் பல்லும் தனித்தனியாக வாளியில் மிதந்தன. பானியோங்கின் அச்சில் அவரை ஒட்டினோம்.

கேப்டனின் முகம் உருண்டை. புருவம் அடர்த்தி. மூக்கின் ஓரத்தில் மச்சம். அக்கா தாடைக்குக் கீழே கரும்பழுப்பை அழுத்தித் தீட்டிப் பாதித் தாடையை இல்லாமல் செய்தாள். கன்னத்தில் இளஞ்சிவப்பு ஏற்றி உப்ப வைத்தாள். நாசிகளைச் சமமாக்க அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது. கேப்டன் தினமும் மாலையில் வந்து பார்த்தார். தினமும் ஒரு திருத்தம் சொன்னார். முகத்தில் தாழ்மை போதவில்லை. இறக்கை இவ்வளவு அகலமாக இருந்தால் பதவி ஆசை போலத் தெரிகிறது. தலையில் முடி கூடுதலாக வேண்டும். தேவதூதருக்கு வழுக்கை வைப்பது திருச்சபைக்கு மரியாதையில்லை.

ஒரு நாள் அவருடைய மனைவி வந்து பார்த்துவிட்டு, இவர் வீட்டில் ஒரு நாளும் இப்படிச் சிரித்ததில்லை என்றார். கேப்டன் உடனே சிரிப்பைக் குறைக்கச் சொன்னார்.

வார்னிஷ் பூசும் கட்டம் வந்தபோது பெரிய தகராறு. பூசிய முதல் தலையைக் கேப்டன் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன இது, எண்ணெய் வழியுது. நான் வேர்த்துக் கொட்டற மாதிரி இருக்கு. வேர்க்கறவனுக்கு எவன் வோட்டுப் போடுவான்?"

இது தண்ணீரில் கரைக்கும் வர்ணம், வார்னிஷ் இல்லாவிட்டால் ஒரு தூறலுக்குத் தாங்காது என்று நான் அக்காவிடம் சொன்னேன். அக்கா அதை உரக்க அவரிடம் சொன்னாள்.

"மழைய நான் பாத்துக்கறேன்," என்றார் கேப்டன்.

அவர் சொன்ன விதத்தில், மழை அவருக்குக் கீழே வேலை பார்ப்பதுபோல் இருந்தது.

அடையாளம் தெரிகிறதா என்று சோதிக்க எதிர்ச்சாரியில் காப்பி விற்கும் பசிலியா அக்காவைக் கூப்பிட்டோம். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒரு தலையை எட்டி நின்று பார்த்தாள், கிட்ட வந்து பார்த்தாள்.

"கேப்டன் மாதிரிதான் இருக்கு," என்றாள். "ஆனா கேப்டன் முன்னாடி எப்பவோ பானியோங்கா இருந்த மாதிரியும் இருக்கு."

அக்கா அன்று சோறு சாப்பிடவில்லை. தாடைக்கு இன்னொரு பூச்சு போட்டாள்.

செனட்டர்தான் பெரிய பிரச்சினை. பானியோங் எங்கள் வீட்டில் இருந்த காலத்தில் அது கருவாடு திருட வரும். அவர் கல்லால் அடிப்பார். இப்போது அது வாசலில் நின்று, தேவதூதர்களைப் பார்த்து, பல்லைக் காட்டி உறுமியது. எத்தனை பூச்சு போட்டாலும் உறுமியது. வாக்காளரைவிட நாய் முக்கியமில்லை என்றார் கேப்டன். அக்கா அதை ஏற்கவில்லை. சனம் வர்ணத்தைப் பார்க்கிறது, நாய் அச்சைப் பார்க்கிறது, நாய் ஒத்துக்கொண்டால்தான் வேலை முடிந்தது என்றாள்.

கேப்டன் ஒரு தலையைத் தானே கையில் எடுத்து செனட்டரிடம் காட்டினார். அது வாலை ஆட்டியது. அக்கா முதல்முறையாகச் சிரித்தாள். எனக்குத் திருப்தியில்லை. தலையை வேறொருவர் பிடிக்க வேண்டும், கேப்டன் தெருமுனைக்குப் போய்விட வேண்டும், அப்போதும் ஆட்டினால்தான் கணக்கு என்றேன். அதையும் செய்தோம். நான் பிடித்தேன். செனட்டர் அந்தத் தலையைத் தாடையில் கவ்வித் தூக்கிக்கொண்டு ஓடியது.

முதல் சோதனையே செல்லும் என்று கேப்டன் அறிவித்தார்.

தலைகளை மரத்தில் ஏற்ற நாள் முழுக்க ஆனது. கூடைப்பந்து வளையத்தைவிட உயரமான மூங்கில் கூம்பு, பச்சைக் காகிதம் சுற்றியது. கீழிருந்து பார்த்தால் உண்மையாகவே இருநூறு கேப்டன்கள் சாந்தமாகச் சிறகு விரித்திருந்தார்கள். கேப்டன் மரத்தைச் சுற்றி வந்தார். மறுபடி சுற்றி வந்தார். கண் கலங்கிவிட்டது. விடிந்ததும் பூசை முடிய அச்சை எடுத்து வருவதாக அக்காவிடம் சொன்னார். அக்கா வீட்டுக்கு வந்து புது அச்சை வைக்க மேசையில் இடம் ஒழித்தாள்.

இருட்டிய பிறகு ஏரிப் பக்கமிருந்து தூறல் வந்தது. பெரிய மழை இல்லை. விடாத தூறல். அக்காவும் நானும் பிளாசாவுக்கு ஓடினோம். கேப்டன் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார். மரத்தை மூடப் பெரிய பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றை ஆட்களோடு கொண்டுவந்திருந்தார். மழைக்கு அவர் செய்திருந்த ஏற்பாடு அதுதான். அவர்கள் அதை விரித்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் மரத்தை மூடுகிற அளவுக்கு அது ஒன்றுதான் இருந்தது. முழுவதும் விரித்தபோது நடுவில் கேப்டனின் போட்டோ, ஆள் உயரத்துக்கு, கீழே பெயர். போன தேர்தலில் சந்தை மேல் கட்டியது.

கேப்டன் சட்டைப்பையைத் தொட்டார். உள்ளே சுற்றறிக்கை.

"உள்பக்கம் வெளிய தெரியற மாதிரி திருப்பிப் போடுங்க," என்றாள் அக்கா.

திருப்பினார்கள். போட்டோ பின்பக்கமும் தெரிந்தது. பெயர் மட்டும் கண்ணாடியில் தெரிவதுபோல இடம்வலம் மாறி ஓடியது. அதுவும் படிக்கும்படிதான் இருந்தது. எவனாவது படம் எடுத்து மேலே அனுப்பிவிட்டால் தன் கதை முடிந்தது என்றார் கேப்டன். விரிப்பைச் சுருட்டச் சொன்னார். நாங்கள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், மரம் நனைவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

விடியும் வேளையில் பூசை முடிந்தது. சனம் கோயிலிலிருந்து வெளியே வந்து, சூடான அரிசி அப்பத்தை வாழையிலையோடு கையில் பிடித்துக்கொண்டு மரத்தின் கீழே கூடியது. புருவங்கள் ஒழுகி மீசையாகி, மீசை ஒழுகித் தரையில் சொட்டியிருந்தது. மச்சம் இல்லை. கன்னச் சிவப்பு இல்லை. தாடைக்குக் கீழே அக்கா அழுத்தியிருந்த கரும்பழுப்பு முழுக்கக் கரைந்து போயிருந்தது. இருநூறு நீளத் தாடைகள், நடுவில் குழியோடு, வெள்ளை வெளேரென்று சனத்தைப் பார்த்தன.



"அட, நம்ம பானியோங்," என்றாள் பசிலியா அக்கா.

பிறகு எல்லோரும் பேசினார்கள். மேலே இருப்பவர் கொஞ்சம் இளைத்திருக்கிறார், இந்தப் பக்கம் இருப்பவர் கல்யாணத்தன்று இருந்த மாதிரி. ஒருவர் தொப்பியைக் கழற்றினார். ஏன் கழற்றினார் என்று அவருக்கும் தெரியவில்லை. இரண்டு வருடம் ஆகியும் மறக்கவில்லை பார் என்று ஒரு பெண் அக்காவின் தோளைத் தடவினாள். அக்கா அந்தக் கையை எடுத்துவிட்டாள்.

கேப்டன் கூட்டத்துக்குள் புகுந்து, உள்ளே ஒட்டியிருப்பது தன் சுவரொட்டிதான், ஆகவே உள்ளே இருப்பது தான்தான் என்று விளக்கினார். ஒரு தலையைக் கிழித்துக் காட்டவும் தயார் என்றார். யாரும் கேட்கவில்லை. அப்பம் ஆறிக்கொண்டிருந்தது.

"அச்சு?" என்றாள் அக்கா.

"சனம் யாரைப் பாத்துச்சு? என்னையா பாத்துச்சு? உன் புருஷனைப் பாத்துச்சு," என்றார் கேப்டன். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது.

தலைகளைக் கழற்றிக்கொண்டு போகிறேன் என்றாள் அக்கா. அதுவும் முடியவில்லை. தொங்கவிட்ட பிறகு அவை வட்டாரச் சொத்து. இறக்க வேண்டுமென்றால் வட்டாரக் கூட்டத்தில் தீர்மானம் போட வேண்டும். உறுப்பினர்கள் எல்லோரும் கிறிஸ்துமஸ் வேலையில் இருந்தார்கள். வீட்டில் மட்டும் இருந்த முகம் இப்போது பிளாசாவில் ஊருக்கே பொதுவாகிவிட்டது. அக்கா பிளாசா வழியாகச் சந்தைக்குப் போவதை நிறுத்தினாள். கோயிலுக்குப் பின்வாசல் வழியாகப் போனாள். புது அச்சுக்காக ஒழித்த இடத்தில் ஒரு பொருளும் வைக்கவில்லை.

அக்கரைப் பண்ணைகளின் வாத்து முட்டையை ஏற்றிக்கொண்டு முட்டைப் படகுகள் ஏரியைக் கடந்து தினமும் வரும், போகும். செய்தியும் போனது. உன் பெண்டாட்டி உன்னைப் பிளாசாவில் தொங்கவிட்டிருக்கிறாள் என்று யாரோ பானியோங்கிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அவர் வந்தார். சட்டைப்பெட்டியும் உளிச் சுருளும் கையில் இருந்தன. சோற்றுப்பானை இல்லை. முதலில் பிளாசாவுக்குப் போய் மரத்தின் கீழே நின்று அழுதார் என்று பசிலியா அக்கா வந்து சொன்னாள். காப்பி கொடுத்தேன், குடிக்கவில்லை, மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார் என்றாள். அவள் சொல்லி முடிக்கும் முன்பே அவர் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்.

"ரெமி, நீ எம்மேல கோவமா இருக்கேன்னு இவ்வளவு நாளும் நெனச்சிட்டிருந்தேன்."

"கோவமாத்தான் இருக்கேன்."

"கோவமா இருக்கறவ புருஷனை ஊர் நடுவுல தொங்கவிடுவாளா?"

"கோவமா இருக்கறவதான் தொங்கவிடுவா," என்றாள் அக்கா.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. அக்கரையில் தன்னை வாத்துகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை என்றார். நிக்கொலாசா ஆயிரம் வாத்துகளை அடையாளம் சொல்வாள், தன்னை மட்டும் இருட்டில் யாரு என்று கேட்பாள் என்றார். பெட்டியைக் கீழே வைத்தார்.

அக்கா பெட்டியைப் பார்க்கவில்லை. உளிச் சுருளைப் பார்த்தாள்.

"எனக்கு ஒரு அச்சு செஞ்சு குடு. அதுல உன் முகம் இருக்கக் கூடாது. மத்தத அப்புறம் பேசலாம்."

"என் முகமா?" அவர் உண்மையாகவே திகைத்தார். "நான் எப்பவும் தேவதூதரைத்தானே செதுக்கறேன்."

கொய்யா மரத்தடியில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தார். முதல் அச்சு வந்தது. பானியோங். வேறு மாதிரி செய் என்றாள் அக்கா. இரண்டாவது வந்தது. சுருட்டை முடி வைத்த பானியோங். பெண்ணாகச் செய் என்றாள். மூன்றாவது, பெண்ணாகப் பிறந்த பானியோங். ஒவ்வொன்றையும் அவர் பெருமையோடு கொடுத்தார். ஒவ்வொரு முறையும் அக்கா அதை அவர் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினாள். அவருக்கு ஒற்றுமை தெரியவில்லை. இவனுக்கு மூக்கு பெரிசு என்றார்.

எனக்குப் பரிசோதனை நிலையத்தில் விடுமுறை விட்டிருந்தார்கள். நான் சமையலறை ஜன்னலிலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குடுவையில் நிறம் மாறுவதற்குக் காத்திருக்கும்போது பார்ப்பதுபோல, எதையும் எதிர்பார்க்காமல். வலது கை உளியைப் பிடித்திருந்தது. இடது கை போய்த் தன் தாடையைத் தொட்டது. பிறகு மரத்தைத் தொட்டது. உளி நகர்ந்தது. இடது கை மறுபடி போய்க் கன்ன எலும்பைத் தடவி, மரத்துக்கு வந்தது. அளவு எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கே அது தெரியவில்லை.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். கயிறு எடுத்துக்கொண்டு போய் அவருடைய இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டினாள். அவர் மறுக்கவில்லை. மரக்கட்டையைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் செதுக்கினார். மாலையில் வந்தது ஒரு முட்டை. கண் இல்லை, மூக்கு இல்லை, வழுவழுவென்று அழகான முட்டை. அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு ஏரிப் பக்கம் பார்த்தார்.

விஷயம் தெரிந்து கேப்டன் ஓடி வந்தார். தொட்டுப் பார்க்க ஒரு முகம்தானே வேண்டும் என்று தன் முகத்தை நீட்டினார். கொய்யா மரத்தடியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். எவ்வளவு வேண்டுமானாலும் தடவிக்கொள், எனக்கு நேரம் இருக்கிறது என்றார். அக்கா அவரை வீட்டுக்கு அனுப்பினாள்.

கயிற்றை அவிழ்த்துவிட்டபோது பானியோங் இடது கையை உதறினார். பிறகு அந்தக் கையை அக்காவின் முகத்தை நோக்கி நீட்டினார்.

"உன் முகத்தைத் தொட்டுச் செய்யறேன் ரெமி. அப்ப என்னோடது வராது."

அவர் சொன்னது சரிதான். வேலையாகப் பார்த்தால் அதில் ஒரு குறையும் இல்லை. அக்கா நகரவில்லை. விரல்கள் அவள் கன்னத்துக்கு மிகக் கிட்டத்தில் வந்துவிட்டன. வருகிற வருடங்களில் அவள் ஒட்டப்போகும் எல்லா முகங்களும் அந்த விரல் வழியாக வரும் என்று நான் நினைத்தேன். அவளும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். ஓர் அடி பின்னால் வைத்தாள்.

"உளியக் குடு," என்றாள்.

"பொம்பள கைக்கு அது அடங்காது."

"அடங்கலேன்னா போகட்டும். குடு."

அவள் உட்கார்ந்தாள். இடது கையைத் தன் கன்னத்தில் வைத்தாள். அப்போதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. அந்த வாரம் அவளுக்குக் கடைவாய்ப் பல் வலி. ஒரு பக்கக் கன்னம் அப்பம் போல வீங்கியிருந்தது. பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து ஆரம்பிக்கலாம் என்றேன். வேலை தொடங்கியாயிற்று, இப்போது வீக்கம் வடிந்தால் பாதியில் அளவு மாறிவிடும் என்றாள். மருந்துகூடச் சாப்பிடவில்லை. வீக்கத்தைத் தொடுவாள், முகத்தைச் சுளிப்பாள், மரத்தைத் தொடுவாள், ஒரு சீவல் எடுப்பாள்.

பானியோங் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொன்னார். உளியை இப்படிச் சாய், அப்படிச் சாய் என்றார். அவள் தன் போக்கிலேயே செதுக்கினாள். பிறகு உளிகளுக்குச் சாணை பிடித்துக் கொடுத்தார். அதுவும் முடிந்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், கஞ்சி வாளியை இழுத்து வைத்துக்கொண்டு காகிதம் ஒட்ட ஆரம்பித்தார். ஓர் ஆண் காகிதம் ஒட்டுவதைப் பார்க்கத் தெருவே எங்கள் வேலியில் நின்றது. மோசமாக ஒட்டினார். கேலி பேசியவர்களிடம், இது வாத்து மேய்ப்பதைவிடக் கஷ்டம் என்றார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் காலை கேப்டன் அவசரக் கூட்டம் போட்டார். பொது மரத்தில் பதவியில் இல்லாத தனிநபர் ஒருவரின் முகம் இருப்பது முறையல்ல என்று தீர்மானம் நிறைவேறியது. ஆட்கள் இருநூறு தலைகளையும் இறக்கி, வாத்துத் தீவனச் சாக்குகளில் கட்டி எங்கள் வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். மேலிடத்திலிருந்து ஆபீசர் யாரும் வரவே இல்லை.

அக்கா உளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். பழைய அச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து இன்னொரு சாக்கில் போட்டாள். நாங்கள் மூன்று பேரும் மூட்டைகளைத் துறைக்குச் சுமந்தோம். முட்டைப் படகு புறப்பட நின்றது.

"இதெல்லாம் எங்க போகுது?" என்றார் பானியோங்.

"உன்கூட."

"நான் எங்க போறேன்?"

"நீ இத்தனை பேரு. இவ்வளவு பேரையும் என் வீட்ல வச்சுக்க முடியாது," என்றாள் அக்கா. வீங்கிய கன்னத்தால் வார்த்தைகள் கொழகொழவென்று வந்தன. ஆனால் புரிந்தது.

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, சட்டைப்பெட்டியைத் தானே படகில் வைத்தார். உளிச் சுருளைக் கேட்கவில்லை. படகுக்காரர் மூட்டைகளை அடுக்கப் போதுமான இடம் இல்லாமல், தலைகளை அவிழ்த்துக் காலி முட்டைத் தட்டுகளின் மேல் பரப்பினார். படகு போனது. நடுவில் உட்கார்ந்திருந்தவர் யார், சுற்றியிருந்தவர்கள் யார் என்று கொஞ்ச தூரத்துக்குமேல் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒருவர் மட்டும் கையை ஆட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா அச்சை முடித்தாள். மெழுகு தடவினோம், காகிதம் ஒட்டினோம், அடுப்புச் சூட்டில் காய வைத்துக் கீறி எடுத்தோம். ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது. அந்தப் பக்கத்துக் கண் வலியில் சிறுத்திருந்தது. உதடுகள் இறுகியிருந்தன. மூக்கு கொஞ்சம் கோணல். அக்கா விரலால் தாடையைத் தடவிப் பார்த்தாள். நடுவில் குழி இல்லை. இன்னொரு முறை தடவினாள். இல்லை.

பசிலியா அக்கா வந்து எட்டிப் பார்த்தாள்.

"யாரு இது? யாரையோ அடிக்கப் போற மாதிரி இருக்கு."

"தேவதூதர்," என்றாள் அக்கா.

கண்ணைத் திறந்துகொண்டே வெள்ளை பூசினாள். வீங்கிய கன்னத்துக்கு என்ன நிறம் கொடுப்பது என்று என்னைக் கேட்டாள். கொஞ்சம் சிவப்பு கூட்டலாம் என்றேன். கூட்டினாள். வார்னிஷ் தாராளமாகப் பூசினாள். எங்கள் வீட்டுச் சின்ன மரத்தில் அதை மாட்டிவிட்டு, எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"சரி. இப்ப பல்லப் பிடுங்கிடலாம்," என்றாள்.

பல் டாக்டர் ஜனவரி வரைக்கும் ஊரில் இல்லை என்று சொன்னேன்.